ஐதாகிப்போன புல்தரையை மீட்பது எப்படி: தெற்கு ஒன்ராறியோ வீடுகளுக்கு ஒரு மேல்விதைப்பு வழிகாட்டி

யாழ்ப்பாணத்து வீட்டு முற்றத்தில் புல் முளைத்திருந்தால் அது வீட்டுக்காரரின் சோம்பலுக்குச் சாட்சி. விடிய எழும்பித் தண்ணீர் தெளித்து, ஈர்க்குமாறு பிடித்துக் கூட்டி, மணலில் அந்த வரிவரியான கோடுகள் விழுந்தால்தான் முற்றம் முற்றமாக இருக்கும். புல்லைப் பிடுங்கியே பழகிய கைகள் எங்களுடையவை. ஸ்காபரோவில் வீடு வாங்கியதும் அதே கைகளால் புல்லை வளர்க்க வேண்டியதாயிற்று.

முதல் வருடம் மே மாதத்தில் ஒரு பை விதை வாங்கி, புல்லுக்கு மேலேயே தூவினேன். குருவிகள் ஒரு கூட்டமாக வந்து பொறுக்கின. மிஞ்சியது கொஞ்சம் முளைத்து, ஜூலை வெயிலில் கருகியது. அந்த இடத்தைக் கிராப்கிராஸ் என்ற களை பிடித்துக்கொண்டது. அடுத்த வருடமும் அதே கதை. மூன்றாவது வருடம் விதைப்பை ஓகஸ்ட் கடைசிக்கு மாற்றி, மண்ணைத் திறந்துவிட்டு விதைத்தேன். அதே வளவு, அதே தண்ணீர். ஒக்டோபரில் தரை தெரியவில்லை.

கடைகளில் ஓவர்சீடிங் என்று சொல்லும் இந்த வேலையை மேல்விதைப்பு என்கிறேன். இருக்கிற புல்லைக் கிளறி எறியாமல், அதற்கு இடையில் புது விதை போட்டுத் தரையை அடர்த்தியாக்குவதுதான் இது. பாதிக்கு மேல் நல்ல புல் இருக்கிற தரைக்கு இது போதும். பாதிக்கு மேல் களையோ வெறும் மண்ணோ என்றால், புதிதாகத் தரை போடுவதைப் பற்றி யோசிப்பது நல்லது. இங்கே சொல்வதெல்லாம் ரொறன்ரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ப்டன், மிசிசாகா பக்கத்துக் காலநிலைக்கானது.

ஏன் மே மாதம் வேண்டாம்

இங்கத்தைய புற்கள் குளிர்காலநிலைப் புற்கள். இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும்தான் அவை வேர்விட்டு வளரும். கோடையில் தாக்குப்பிடித்துக் கிடக்கும், அவ்வளவுதான். மே மாதம் முளைத்த நாற்றுக்கு, வேர் 2 அங்குலம் போவதற்குள் ஜூலை வந்துவிடும்.

இன்னொரு காரணம் களை. கிராப்கிராஸ் விதை, மண் சுமார் 13 பாகை செல்சியஸைத் தொட்டதும் முளைக்கத் தொடங்கும். அதாவது நீங்கள் புல் விதைக்குத் தண்ணீர் விடும் அதே நாட்களில் அதற்கும் தண்ணீர் விடுகிறீர்கள். கிராப்கிராஸ் ஒருவருடப் பயிர், முதல் உறைபனியோடு செத்துப்போகும். ஓகஸ்ட் கடைசியில் விதைத்தால் அந்தப் போட்டி கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது. மண்ணில் கோடை வெப்பம் இன்னும் இருக்கும், அதனால் விதை வேகமாக முளைக்கும். காற்றில் குளிர் ஏறும், அதனால் நாற்று வாடாது. மழையும் கைகொடுக்கும்.

ஓகஸ்ட் 15 முதல் செப்டெம்பர் 20 வரை என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் தின நீண்ட வாரஇறுதிதான் மிக நல்ல நேரம். வீட்டில் எல்லோரும் நிற்பார்கள், மெஷின் தூக்க ஆள் கிடைக்கும். கடைசித் திகதியைத் தள்ளிப்போடாதீர்கள். கென்டக்கி புளூகிராஸ் என்ற புல் முளைக்கவே 3, 4 கிழமை எடுக்கும். அதற்குப் பிறகு உறைபனிக்கு முன் வேர்விட அதற்கு இன்னும் நாள் வேண்டும்.

முதலில், புல் ஏன் போனது?

இதைப் பார்க்காமல் விதை வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். காரணம் அப்படியே இருந்தால் புதுப் புல்லும் அடுத்த வருடம் அதே இடத்தில் போய்விடும்.

புல் உண்மையில் செத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஓகஸ்டில் மஞ்சளாகக் கிடக்கும் புல் பெரும்பாலும் தூங்குகிறது. ஒரு பிடி பிடித்து இழுங்கள். இறுக்கமாக நின்று, அடித்தண்டைக் கிள்ளிப் பார்க்கும்போது உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. மழை பெய்தால் எழும்பும்.

இழுத்ததும் கம்பளம்போல் சுருண்டு கையோடு வந்துவிட்டால் வேலை கிறப் என்று இங்கே சொல்லும் வெள்ளைப்புழுவுடையது. ஐரோப்பிய சேஃபர் வண்டு, ஜப்பானிய வண்டு, ஜூன் வண்டு என்பவற்றின் குஞ்சுப் பருவம் இது. பழுப்புத் தலை, வெள்ளை உடல், கொக்கிபோல வளைந்து கிடக்கும். இரவில் றக்கூனும் ஸ்கங்கும் வந்து தரையைப் புரட்டிப்போட்டிருந்தால் அவை தேடிவந்ததும் இதைத்தான். 1 அடிக்கு 1 அடி சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டி, புல்லைப் புத்தக அட்டைபோல் திருப்பி எண்ணுங்கள். 5க்குக் குறைவு என்றால் ஆரோக்கியமான தரை தாங்கும். 10க்கு மேல் என்றால் விதைக்கு முன் அதற்கு ஒரு வழி பார்க்கவேண்டும்.

அழகுக்காக வீட்டுப் புல்தரையில் பூச்சிக்கொல்லியும் களைகொல்லியும் அடிப்பதை ஒன்ராறியோ 2009 ஏப்ரல் 22 முதல் தடைசெய்திருக்கிறது. அதனால் நெமடோட்தான் வழி. கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்கள் இவை, வெள்ளைப்புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும். ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் புழு சின்னதாக, மண்ணின் மேற்பகுதியிலேயே இருக்கும்போது விடவேண்டும். வாங்கும்போது பொதியில் காலாவதித் திகதி பாருங்கள், குளிரூட்டியில் வைத்திருந்த பொதியாக எடுங்கள். வெயில் பட்டால் அவை செத்துவிடும். அதனால் தரையை நன்றாக நனைத்துவிட்டு, பொழுதுபட்ட பிறகு விடுங்கள், விட்ட பிறகும் நனையுங்கள். ஒரு கிழமை கழித்து விதைக்கலாம். விதைக்கு ஊற்றும் தண்ணீர் அவற்றுக்கும் உதவும்.

வெயில் விழும் இடத்தில், தண்ணீர் விட்டும் மஞ்சள் வட்டம் பரவிக்கொண்டே போனால் சின்ச் பூச்சியாக இருக்கலாம். இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு தகர டின்னை, பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் ஓரத்தில் 2 அங்குலம் மண்ணுக்குள் திருகி இறக்கி, தண்ணீர் நிரப்புங்கள். மட்டம் குறையாமல் ஊற்றிக்கொண்டு சில நிமிடம் பொறுத்திருங்கள். பூச்சி இருந்தால் மிதந்து மேலே வரும். இறக்கை வெள்ளையாக, உடம்பு கறுப்பாக, எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். குஞ்சுகள் செம்மஞ்சளாக, நடுவில் ஒரு வெள்ளைப் பட்டியோடு இருக்கும். இந்தத் தரைக்கு எந்த விதை நல்லது என்பதைக் கீழே சொல்கிறேன்.

மரநிழலுக்கு வருவோம். நோர்வே மேப்பிள் மரத்தின் கீழே புல் வளர்க்கப் பாடுபடும் பலரைப் பார்த்திருக்கிறேன். அதன் நிழல் இருட்டு, வேர் மேலேயே படர்ந்து தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு நாளைக்கு 4 மணிநேர வெயில்கூட விழாத இடத்தில் வருடாவருடம் விதை போடுவது காசை மண்ணில் போடுவதுதான். அங்கே மரச்சீவல் போட்டுவிடுங்கள், அல்லது நிழலில் வளரும் ஹொஸ்டா செடி நடுங்கள்.

நடைபாதை, டிரைவ்வே ஓரத்தில் மட்டும் நேர்கோடாகச் செத்திருந்தால் பனிக்கால உப்பு. ஏப்ரலில் அந்த ஓரத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கவேண்டும். விதைக்கு முன் இப்போதாவது செய்யுங்கள். நாய் சிறுநீர் கழித்த இடம் என்றால், செத்த நடுவைச் சுற்றிக் கரும்பச்சை வளையம் இருக்கும். அதையும் கழுவினால் போதும்.

கடைசியாக, 6 அங்குல ஸ்குரூட்ரைவர் ஒன்றை எடுத்து மண்ணில் குத்துங்கள். கையால் அழுத்தி இறங்காவிட்டால் மண் இறுகிவிட்டது. புதுக் குடியிருப்புகளில் பெரும்பாலும் இதுதான் நோய். வீடு கட்டும்போது மேல்மண்ணை வழித்தெடுத்து, கனரக வாகனங்கள் ஓடிய களிமண்ணின் மேல் மெல்லிய மண்படை ஒன்றைப் பரப்பி, அதற்கு மேல் புல்சுருளை விரித்துவிட்டுப் போவார்கள். வேர் களிமண்ணைத் தொட்டதும் நின்றுவிடும்.

எந்த விதை

கென்டக்கி புளூகிராஸ்: கட்டடக்காரர் விரிக்கும் சுருளில் அநேகமாக இருப்பது இதுதான். மண்ணுக்குக் கீழே கிழங்குத்தண்டு ஓடவிட்டு, வெறும் இடத்தைத் தானே மூடும். ஆனால் முளைக்க 14 முதல் 28 நாள் எடுக்கும்.

பெரெனியல் ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் முளைக்கும். பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது குத்துக்குத்தாக நிற்கும் புல், பரவாது. பனிக்காலத்தைத் தாங்கும் திறனும் புளூகிராஸைவிடக் குறைவு. கலவையில் இது கூடினால், வேகமாக எழும்பிப் புளூகிராஸ் நாற்றை அமுக்கிவிடும். 30 வீதத்துக்கு மேல் ரைகிராஸ் இருக்கிற பையை நான் எடுப்பதில்லை.

ஃபைன் ஃபெஸ்க்யூ ஊசிபோல மெல்லிய இலை கொண்டது. அரைநிழலுக்கும், பசளை குறைந்த மண்ணுக்கும் ஏற்றது. காலடி அதிகம் படும் இடத்துக்கு ஆகாது. டோல் ஃபெஸ்க்யூவின் வேர் ஆழமாகப் போகும். வறட்சியையும் வெள்ளைப்புழுவையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இலை அகலம் என்பதால் புளூகிராஸ் தரைக்கு நடுவில் அங்கொன்று இங்கொன்றாக நின்றால் களைபோலத் தெரியும். போட்டால் ஒரு முழுப் பக்கத்துக்கும் போடுங்கள்.

வெயில் விழும் முன்வளவுக்கு 50 முதல் 60 வீதம் புளூகிராஸ், 20 முதல் 25 வீதம் ரைகிராஸ், மீதி ஃபைன் ஃபெஸ்க்யூ. இதுதான் என் கணக்கு. நிழல் பக்கத்துக்கு ஃபைன் ஃபெஸ்க்யூவைப் பாதிக்கு மேல் கூட்டுங்கள்.

சின்ச் பூச்சி இருந்த தரைக்கு, பையில் எண்டோஃபைட் என்று எழுதியிருக்கிற ரைகிராஸும் ஃபெஸ்க்யூவும் தேடுங்கள். எண்டோஃபைட் என்பது அந்தப் புல்லுக்குள்ளேயே வாழும் ஒரு பூஞ்சணம். அது உண்டாக்கும் இரசாயனம் தண்டையும் இலையையும் தின்னும் பூச்சிகளுக்குப் பிடிக்காது. மண்ணுக்குள் வேரைத் தின்னும் வெள்ளைப்புழுவுக்கு இது பெரிதாக உதவாது. புளூகிராஸில் இது இல்லை. சூட்டில் நாள்பட்டுக் கிடந்த விதையில் பூஞ்சணம் செத்துவிடும் என்பதால் அந்த வருடத்து விதையாகவே வாங்குங்கள்.

பையின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு, சின்ன எழுத்துச் சீட்டைப் படியுங்கள். ஆனுவல் ரைகிராஸ் என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், அது இங்கத்தைய பனிக்காலத்தைத் தாண்டாது. விலை மலிவான பைகளில் இதைத்தான் நிரப்புவார்கள். விதைக்கு நீலமோ பச்சையோ பூச்சுப் பூசியிருந்தால் நிறையில் ஏறக்குறையப் பாதி பூச்சுத்தான் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

எவ்வளவு

1,000 சதுர அடிக்கு 4 இறாத்தல் கலவை விதை. வெறும் மண் தெரியும் இடத்துக்கு இரண்டு மடங்கு.

30 அடிக்கு 25 அடி முன்வளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 750 சதுர அடி. 3 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ விதை வேண்டும். பூச்சுப் பூசியது என்றால் 2.7 கிலோ. விதைக்கு மேல் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர், கொம்போஸ்ட் பரப்ப 420 லீற்றர் போகும். 30 லீற்றர் பைகளில் 14. பின்வளவும் சேர்ந்தால் பையாக வாங்குவது கட்டாது. ஒரு கன யார் கொம்போஸ்ட் சுமார் 1,300 சதுர அடியை மூடும், டிரைவ்வேயில் கொட்டிவிட்டுப் போகச் சொல்லலாம். சில மாநகரசபைகள் இலைக் கொம்போஸ்டை இலவசமாகக் கொடுக்கும் நாட்களும் உண்டு, விசாரித்து வையுங்கள்.

விதையைக் கூட்டிப்போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஒரு சதுர அங்குலத்தில் 10 முதல் 15 விதை தெரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் நாற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி, நூல்போல நீண்டு, ஈரத்தில் அழுகிச் சாயும். ஒரு இறாத்தல் ரைகிராஸில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் விதை இருக்கிறது. புளூகிராஸில் 10 இலட்சத்துக்கும் மேல். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் புரியும்: ரைகிராஸ் சின்ன நெல்மணிபோல இருக்கும், புளூகிராஸ் தூசுபோல விரலிடுக்கால் போய்விடும்.

மண்ணைத் திறப்பது

முழு வேலையின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

முதல் நாள் தரைக்குத் தண்ணீர் விடுங்கள், அல்லது மழைக்கு மறுநாள் தொடங்குங்கள். புல்வெட்டும் மெஷினின் உயரத்தை இறக்கி, புல்லை ஒன்றரை அங்குலத்துக்கு வெட்டுங்கள். வெட்டியதைப் பையில் பிடித்து அகற்றுங்கள். மற்ற நாட்களில் இவ்வளவு குறுகலாக வெட்டக்கூடாது. இன்றைக்கு மட்டும், விதைக்கும் வெளிச்சத்துக்கும் வழி வேண்டும் என்பதற்காக.

அடுத்தது றேக். புல்லின் அடியில் செத்த வேரும் தண்டும் சேர்ந்து பஞ்சுபோல ஒரு படை இருக்கும், தாட்ச் என்பார்கள். ஒரு சின்னத் துண்டு வெட்டியெடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் இடையில் அந்தப் பழுப்புப் படை அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் விதை அதிலேயே தங்கிக் காய்ந்துபோகும். கம்பி றேக்கால் பலமாக இழுத்து வாருங்கள். இடுப்பு நோகும். பெரிய வளவு என்றால் தாட்ச் வாரும் மெஷின் வாடகைக்கு எடுங்கள்.

மண் இறுகியிருந்தால் ஏரேற்றர். குழாய்போன்ற பற்களால் 2, 3 அங்குல நீளத்துக்கு மண் குச்சிகளைப் பிடுங்கி மேலே போட்டுக்கொண்டு போகும் மெஷின் இது. ஆணி குத்தும் சப்பாத்து, ஆணி உருளை என்று விற்பவை வேண்டாம். அவை மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் இன்னும் இறுக்கும். உபகரண வாடகைக் கடைகளில் ஏரேற்றர் அரைநாளுக்கு எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருடன் சேர்ந்து எடுத்தால் செலவு பாதி. வான் வண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், சும்மா கனமில்லை. தொடங்குவதற்கு முன் ஸ்பிரிங்க்ளர் தலைகளையும், புல்லுக்கடியில் மேலாகப் போகும் இணையக் கேபிளையும் சின்னக் கொடி குத்தி அடையாளம் வையுங்கள். ஒருமுறை நெடுக்காக, ஒருமுறை குறுக்காக ஓட்டுங்கள். வெளியே விழுந்த மண் குச்சிகளை அள்ளவேண்டாம். காய்ந்ததும் றேக்கின் முதுகால் அடித்து உடைத்தால் அதுவே விதைக்கு மெத்தை.

வெறும் மண் தெரியும் இடங்களை முள்ளு றேக்கால் அரை அங்குலம் கிளறிவிடுங்கள். வேலை முடிந்தபோது தரை அசிங்கமாகத்தான் இருக்கும். பயப்படவேண்டாம். நின்று பார்க்கும்போது புல்லுக்கிடையில் எங்கும் மண் தெரிகிறதா? தெரிந்தால் சரி.

விதைக்கும் நாள்

காற்றில்லாத காலை நல்லது. அளந்த விதையை இரண்டு பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கை வீதிப்பக்கத்திலிருந்து வீட்டை நோக்கி, மற்றதைக் குறுக்காக. விதை தூவும் ஸ்பிரெடரின் வாயைச் சின்னதாகத் திறந்து, மெதுவாக நடவுங்கள். கையால் விசுக்குவதென்றால் விதையோடு காய்ந்த மணலைக் கலந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் புளூகிராஸ் ஒரே இடத்தில் கொட்டுப்படும். அதன் பிறகு விசிறி றேக்கைத் தலைகீழாகப் பிடித்து மெல்லத் தடவுங்கள். விதை புல்லின் இலையிலிருந்து உதிர்ந்து மண்ணுக்குப் போகவேண்டும்.

அதற்கு மேல் கொம்போஸ்ட். வாளியால் சின்னச் சின்னக் குவியலாகக் கொட்டி, றேக்கின் முதுகால் பரப்புங்கள். 6 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், பழைய புல்லின் நுனி வெளியே தெரியவேண்டும். இது ஈரத்தைப் பிடித்துவைக்கும், குருவியின் கண்ணிலிருந்து விதையை மறைக்கும், களிமண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தும். வைக்கோல் போடுவதை நான் விரும்புவதில்லை, அதோடு களை விதை வந்துசேரும்.

அந்த மூன்றாவது வருடம் அப்பா எங்களோடு வந்து நின்றார். கிளிநொச்சியில் வயல் செய்தவர். கொம்போஸ்ட் பரப்பி முடித்து நான் குழாயைத் திறக்கப் போக, கையைக் காட்டி நிற்பாட்டினார். "பிள்ளை, விதைக்கும் மண்ணுக்கும் இடையிலை காத்து நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, வெறுங்காலால் அடிமேல் அடிவைத்துத் தரையின் ஒரு பக்கம் முழுவதும் மிதித்தார். ஒன்றரை மணிநேரம். அவர் மிதித்த பக்கம்தான் முதலில் முளைத்தது. நீங்கள் பாதி தண்ணீர் நிரப்பிய உருளையை உருட்டலாம், பலகை போட்டு அதன்மேல் நடக்கலாம். எப்படியோ, அழுத்திவிடுங்கள்.

பசளை போடுவதென்றால் ஸ்டார்ட்டர் என்று எழுதியதை, பையில் சொன்ன அளவுக்கு, விதைத்த அன்றே போடுங்கள். கொம்போஸ்ட் நன்றாகப் போட்டிருந்தால் இது இல்லாமலும் நடக்கும். சோளக் குளூட்டன் என்ற களைத்தடுப்பை மட்டும் இந்தப் பருவத்தில் தொடாதீர்கள். அது களை, புல் என்று பார்க்காமல் முளைக்கும் எல்லா விதையின் வேரையும் தடுக்கும்.

தண்ணீர்

முளைவிடத் தொடங்கிய விதை ஒருமுறை காய்ந்தால் செத்துவிடும். மறுபடி நனைத்தாலும் எழும்பாது. நெல்லை ஊறவைத்து முளைகட்டியவர்களுக்கு இது புதிதில்லை.

முதல் நான்கு கிழமை மேல்மண் 1 சென்ரிமீற்றர் எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். ஆழமாக வேண்டாம். காலை 7 மணிக்கு ஒருதரம், மதியம் ஒருதரம், பின்னேரம் 4 மணியளவில் ஒருதரம், ஒவ்வொன்றும் 5 முதல் 10 நிமிடம். தண்ணீர் தேங்கி ஓடினால் விதையையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்தில் குவித்துவிடும், அதற்கு முன் நிற்பாட்டுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழாயில் பூட்டும் டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள். இந்த முழு வேலையிலும் நான் மனமறிந்து பரிந்துரைக்கும் ஒரே செலவு அதுதான். மதியத் தண்ணீரைத் தவறவிட்ட ஒரு வெயில் நாளே பாதி விதையைக் கொன்றுவிடும்.

ஆறாம் நாள் காலை, பனி இன்னும் காயாத நேரத்தில் முழங்காலில் இருந்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து, வெயில் வரும் திசையைப் பாருங்கள். நின்றால் எதுவும் தெரியாது. குனிந்தால் மயிரிழைபோல ஒரு பச்சை, ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி தண்ணீர். அடித்தண்டு சிவந்திருந்தால் அது ரைகிராஸ்.

பெரும்பாலானோர் தோற்பதும் இதற்குப் பிறகுதான். பச்சை தெரிந்ததும் சந்தோஷப்பட்டுத் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். முளைத்தது ரைகிராஸ் மட்டும். பையில் பாதிக்கு மேல் காசு கொடுத்து வாங்கிய புளூகிராஸ் அப்போதுதான் ஊறிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் கிழமையில் அது முளைத்தாலும், ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டு அசையாமல் நிற்கும். வேர்விடும் நேரம் அது. 28 நாள் பொறுங்கள். ஐந்தாம் கிழமையிலிருந்து நாளுக்கு ஒருதரம், பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள், பிறகு கிழமைக்கு 1 அங்குலம் என்று இடைவெளியைக் கூட்டி ஆழத்தைக் கூட்டுங்கள். ஒரு வெறும் ரூனா டின்னைத் தரையில் வைத்தால் அளவு தெரியும்.

சின்னச் சின்ன ஓட்டைகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. புளூகிராஸ் விதையைத் துணியில் கட்டி ஒரு வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றி, நாலைந்து நாளில் வெள்ளை முனை எட்டிப்பார்க்கும்போது வடித்து, மணலில் பிரட்டித் தூவுவது. விளையாட்டு மைதானங்களைப் பராமரிப்பவர்கள் செய்யும் வேலை. அப்பாவுக்குச் சொன்னபோது, இதில் என்ன அதிசயம் என்பதுபோலப் பார்த்தார்.

முதல் வெட்டும், உதிரும் இலையும்

புல் 3 முதல் 3.5 அங்குலம் வந்ததும் முதல் வெட்டு. பழைய புல் வேகமாக உயரும், அதை விட்டுவைத்தால் நாற்றுக்கு நிழல் கட்டும், ஆகவே பயத்தில் தள்ளிப்போடாதீர்கள். அலகைத் தீட்டிவையுங்கள், மொட்டையான அலகு நாற்றை வெட்டாது, பிடுங்கும். மண் காய்ந்திருக்கும் பின்னேரம் பாருங்கள். உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்கவேண்டாம். அதுவரை பிள்ளைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாமல் ஒரு கயிறு கட்டிவையுங்கள்.

ஒக்டோபரில் மேப்பிள் இலை கொட்டும். ஈர இலை இரண்டு நாள் ஒட்டிக் கிடந்தால் அதன் கீழே நாற்று மஞ்சளாகி அழுகிவிடும். இரும்பு றேக்கால் வாரினால் நாற்றும் வேரோடு வரும். ஊதும் மெஷினை மெல்லிய வேகத்தில் வைத்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருதரம் ஊதிவிடுங்கள். ஒரு மாதம் பாடுபட்டு வளர்த்ததை இலைக்குக் கொடுத்துவிட்டு நிற்பவர்களைப் பார்க்க எனக்கு மனவருத்தமாக இருக்கும்.

விதைத்து 5, 6 கிழமையில் இன்னொரு சுற்று மெல்லிய பசளை. கடைசி வெட்டு இரண்டரை அங்குலத்தில். நீளமாக விட்டால் பனிக்கடியில் படுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

செப்டெம்பர் தப்பிவிட்டதென்றால்

ஒக்டோபரில் விதைக்காதீர்கள். அது முளைக்கும், ஆனால் வேர் பிடிக்காமல் பனிக்குள் போகும். அதற்குப் பதில் நவம்பர் நடுப்பகுதிவரை காத்திருங்கள். மண் 5 பாகைக்குக் கீழே இறங்கி, இனிச் சூடு திரும்பாது என்று தெரிந்ததும், அதே முறையில் மண்ணைக் கிளறி, விதையைப் போட்டு, அழுத்திவிடுங்கள். தண்ணீர் விடவேண்டாம். விதை முளைக்காமல் உறங்கும். மண் உறைந்து உருகும்போது வெடிப்புகளுக்குள் தானே இறங்கிக்கொள்ளும். கொஞ்சம் அழுகும், கொஞ்சம் பறவை தின்னும், அதனால் விதையைக் கால்பங்கு கூட்டிப் போடுங்கள். சரிவான இடத்தில் மட்டும் இதைச் செய்யவேண்டாம், உருகும் பனித்தண்ணீர் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் வீட்டில் தபால்பெட்டிக்குப் பக்கத்து ஓரம் இப்படித்தான் வந்தது. ஏப்ரல் கடைசியில், பனி வழிக்கும் வாகனம் கிளறிவிட்ட அந்தத் துண்டை உப்புப் போகக் கழுவிவிட்டுக் குனிந்து பார்த்தபோது மயிரிழைகள் நின்றன.